மணி அடிக்கும் வரை வெளியே நின்றவர்: இரட்டைமலை சீனிவாசனும் நம் கல்லூரி வளாகங்களும்

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த பின், கீரனூரில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பித் தருவது எங்கள் வழக்கம். பழனி வட்டத்தின் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலோர் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் மக்கள். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிக்கப் போகிறவர்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் என எல்லாவற்றையும் நெகிழிப் பைக்குள் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். விண்ணப்பத்தின் எல்லாக் கட்டங்களையும் தயக்கமின்றி நிரப்பும் அவர்கள், ஓரிடத்தில் மட்டும் பேனாவை நிறுத்துகிறார்கள். அது முகவரி. தெருவின் பெயரை எழுதத்தான் வேண்டுமா, ஊர்ப் பெயர் மட்டும் போதாதா என்று கேட்கிறார்கள்.

கல்லூரி அலுவலகத்துக்குச் சாதிச் சான்றிதழே போகிறது. அங்கே மறைப்பதற்கு எதுவுமில்லை. பிள்ளைகள் அஞ்சுவது அலுவலகத்தை அன்று. முதல் நாள் பக்கத்தில் உட்காரப் போகும் மாணவர், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, அடுத்து எந்தத் தெரு என்று கேட்பாரே, அந்த இரண்டாவது கேள்வியைத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள். காலனி என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு குடியிருப்பின் பெயரே வசைச்சொல்லாகிப் போனதை அரசே ஒப்புக்கொண்ட அறிவிப்பு அது. ஆயினும் ஆவணத்தில் ஒரு சொல் மறைவதாலேயே வகுப்பறையில் அந்தக் கேள்வி மறைந்துவிடாது.

கீரனூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்குப் பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோவைக்குச் செல்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு, அதே கோவையில், அதே கேள்விக்கு அஞ்சி, பாட மணி அடிக்கும் வரை வகுப்புக்குள் நுழையாமல் வெளியே ஒதுங்கி நின்ற மாணவர் ஒருவர் இருந்தார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைகளைப் பேசிய இரட்டைமலை சீனிவாசனே அவர். ஆண்டுதோறும் ஜூலை 7 அன்று அவருடைய படத்துக்கு மாலை அணிவிக்கிறோம். அந்த மாலைக்குள் மறைந்துபோகும் மாணவரை இங்கு நினைவுகூர விரும்புகிறோம். இன்று கல்லூரி வளாகங்களில் நாம் கேட்டுக்கொண்டிருக்கும் நீதியின் தொடக்கம் அந்த மாணவரின் அச்சத்தில்தான் இருக்கிறது.

கோவையில் ஒரு மாணவர்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860ஐ ஒட்டிய காலத்தில் சீனிவாசன் பிறந்தார். வறுமையும் சாதிக் கொடுமையும் அக்குடும்பத்தை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. தஞ்சைக்குப் பெயர்ந்து, அங்கிருந்தும் கோவைக்குப் பெயர்ந்தது. பறையர் சமூகத்துப் பிள்ளை ஒருவர் பள்ளிக்கூடத் திண்ணையை எட்டுவதே அரிதாயிருந்த காலத்தில், சீனிவாசன் கோவைக் கலாசாலை வரை சென்று பயின்றார்.

அந்த நாட்களைப் பற்றி அவரே தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் பதிவு செய்திருக்கிறார். 1939இல் வெளிவந்த அச்சிறு நூல், தமிழில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் எழுதிய தன்வரலாறுகளுள் மிக முற்பட்டது. கலாசாலையில் ஏறத்தாழ நானூறு மாணவர்கள் பயின்றதாகவும், அவர்களுள் பத்துப் பேரைத் தவிர மற்ற அனைவரும் பார்ப்பனர்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். உடன் பயில்வோருடன் பழகினால் சாதியும் குடும்பமும் குடியிருப்பும் தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்னும் அச்சம் அவரை விடாது பற்றியிருந்தது. எனவே கலாசாலைக்கு வெளியே எங்கேனும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் செல்வார். மாலையில் வகுப்பு கலையும்போது, மற்ற மாணவர்கள் தம்மை எட்டிப் பிடித்துப் பேச்சுக் கொடுக்கும் முன் விரைந்து வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். கூடி விளையாட முடியாமல் போனதன் துயரத்தையும் அவர் மறைக்கவில்லை.

சட்டம் படித்தவர்கள் என்னும் முறையில் இக்காட்சியை நாங்கள் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். சீனிவாசனுக்கு அனுமதி மறுக்கப்படவில்லை. அவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அன்றைய கலாசாலை முதல்வரைக் கேட்டிருந்தால், எந்த மாணவருக்கும் இங்கே தடையில்லை என்று உண்மையாகவே சொல்லியிருப்பார். ஆயினும் வளாகம் அவருக்குத் திறந்திருக்கவில்லை. வகுப்பு தொடங்குமுன் மரத்தடியில் நடக்கும் பேச்சு, ஒருவர் குறிப்பேட்டை மற்றவர் வாங்கிப் படிப்பது, தேர்வைப் பற்றி மூத்த மாணவர் சொல்லித்தரும் நுட்பம், மாலை விளையாட்டு ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததுதான் கல்லூரிப் படிப்பு. அவருக்குக் கிடைத்தது இரண்டு மணியோசைகளுக்கு இடைப்பட்ட பாடம் மட்டுமே.

எங்கள் சொந்த அனுபவமும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. நாங்கள் பயின்ற கல்லூரியின் விடுதியில் அறை ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒட்டப்பட்ட நாளில், எந்தத் தளம் எவருக்கு என்பதை எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. பட்டியலைப் படித்தவர்களுக்குப் புரிந்தது. விதிமீறல் என்று சுட்டிக்காட்ட ஒரு வரிகூட அதில் இல்லை. இதற்கெல்லாம் புகார் எழுத முடியுமா என்று அன்று எங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

பெயரை மறைத்தவர் பெயரையே இதழாக்கினார்

படிப்புக்குப் பின் சீனிவாசன் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனங்களில் கணக்கராகச் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். 1887இல் அரங்கநாயகியை மணந்தார். அவருடைய சகோதரியின் கணவரான அயோத்திதாசர் அக்காலத்தில் நீலகிரியில் ஒடுக்கப்பட்ட மக்களை அமைப்பாக்கிக் கொண்டிருந்தார். 1890இல் சீனிவாசன் சென்னைக்கு வந்தார். வந்தவுடன் மேடை ஏறிவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று நம் மக்களின் வாழ்நிலையையும் வரலாற்றையும் கேட்டறிந்தார். அதன் பின்னரே பறையர் மகாஜன சபை உருவாயிற்று.

1893 அக்டோபரில் பறையன் என்னும் இதழை அவர் தொடங்கினார். நான்கு பக்கங்கள் கொண்ட மாத இதழாக, இரண்டணா விலையில் வெளிவந்த அது பின்னர் வார இதழாயிற்று. சொந்த அச்சகமும் அமைந்தது. 1900 வரை அவ்விதழ் நடந்தது. 1896இல் இதழில் வெளியான கடிதம் ஒன்றுக்காக அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டபோது, அத்தொகையைச் செலுத்த முன்வந்தவர்கள் அவ்விதழின் மக்களே.

இப்பெயரை அவர் ஏன் தேர்ந்தார் என்பதில் நம் கவனம் தங்க வேண்டும். கோவையில் தம் தெருவைச் சொல்ல அஞ்சிய அதே மனிதர், பதினைந்து ஆண்டுகளுக்குள்ளாக, எந்தச் சொல்லைச் சொல்லி இழிவு செய்தார்களோ அச்சொல்லையே அச்சுக் கோத்து, விலை வைத்து, பொதுவெளியில் விற்றார். தன்னை மறைத்துக்கொள்ளும் வரை ஒருவரால் உரிமை கேட்க முடியாது என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். எவருக்காகக் கேட்கிறோம் என்று சொன்னால்தானே கேட்க முடியும்!

இதில் மாற்றுக் கருத்துகளும் அன்றே இருந்தன. அயோத்திதாசர் அப்பெயரை ஏற்கவில்லை. அவர் பூர்வ பௌத்த அடையாளத்தை நாடினார். எம்.சி.ராஜா, 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பறையர், பஞ்சமர் என்னும் சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் சொல்லை அரசு ஆவணங்களில் இடம்பெறச் செய்தார். பெயரை ஏந்துவதா, மாற்றுவதா என்னும் அந்த விவாதத்தில் எவரும் துரோகியல்லர். மூவரும் ஒன்றில் உடன்பட்டனர்: பெயரைத் தீர்மானிக்கும் உரிமை அப்பெயரால் அழைக்கப்படுவோருக்கே உரியது.

112 அடி நீள மனு

அதே 1893இல் மற்றொரு போராட்டம் மூண்டது. இந்திய ஆட்சிப் பணிக்கான தேர்வு அந்நாளில் இலண்டனில் மட்டுமே நடந்தது. அதை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. 1893 ஜூனில் பிரித்தானிய மக்களவை அதற்கு ஆதரவாகத் தீர்மானமும் இயற்றியது. சீனிவாசன் இதை எதிர்த்தார். 1893 டிசம்பர் 23 அன்று சென்னை வெசுலியன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, எதிர்ப்பு மனுவொன்றை உருவாக்கினார். 3,412 பேர் கையெழுத்திட்ட அம்மனு 112 அடி நீளம் கொண்டது. அது ஜெனரல் செஸ்னி வழியாகப் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குச் சென்றது.

இச்செயலுக்காக அவரை வெள்ளையர் ஆதரவாளர் என்று இன்றளவும் பழிப்போர் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அப்பழி பொருந்துவது போலவும் தோன்றும். இந்தியர்களுக்கு வாய்ப்புத் தரும் ஒன்றை இந்தியர் ஒருவரே தடுக்கலாமா? ஆனால் இக்கேள்வியைக் கேட்பவர்கள் அவருடைய கலாசாலையை மறந்துவிடுகிறார்கள். நானூறு பேரில் பத்துப் பேரைத் தவிர மற்றெல்லாரும் ஒரே சாதியினராய் இருந்த வகுப்பிலிருந்து எழுந்து வந்தவர் அவர். அந்த வகுப்பறை அப்படியே இருக்க, தேர்வு மண்டபத்தின் கதவை மட்டும் எல்லாருக்குமாகத் திறந்தால் யார் உள்ளே போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஊரில் கிணற்றை மறுப்பவரின் மகனே நாளை மாவட்டத்தை ஆளும் அதிகாரியாகவும் வருவார், முறையிட வேறிடம் இருக்காது என்பதே அம்மனுவின் உள்ளுறை.

இத்தேர்வுகள் 1922இல் இந்தியாவிலும் தொடங்கின. வரலாறு அவர் கேட்டபடி நடக்கவில்லை. தேர்வை எதிர்ப்பதைவிடப் பள்ளியைத் திறக்கப் போராடுவதே முதன்மை என்று இன்று நாம் கருதலாம். அவரோடு முரண்படவும் நமக்கு உரிமையுண்டு. எனினும் அவர் எழுப்பிய வினா பழையதாகிவிடவில்லை. எல்லாருக்கும் பொதுவான நுழைவுத் தேர்வு, எல்லாருக்கும் பொதுவான தகுதி என்று சொல்லப்படும்போதெல்லாம், அத்தேர்வுக்கு வரும் பாதையில் எவருக்கு எத்தனை தடைகள் உள்ளன என்று கேட்கும் மரபு அவரிடமிருந்தே நமக்கு வருகிறது.

அம்மனுவில் மற்றொரு பாடமும் உண்டு. தொலைபேசியும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்தில், எழுதப் படிக்க அனுமதிக்கப்படாத மக்களிடையே 3,412 கையெழுத்துகளைத் திரட்டுவதென்றால் எத்தனை சேரிகளுக்கு, எத்தனை இரவுகள் நடந்திருக்க வேண்டும்! மாணவர் கோரிக்கை மனுவொன்றில் இருபது கையெழுத்துகள் சேர்ந்ததும் களைத்துப்போகும் நமக்கு, அந்த 112 அடி காகிதம் நினைவில் இருப்பது நல்லது.

சாலையும் பள்ளியும்

1900இல் அவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். இங்கிலாந்துக்குச் சென்று நேரில் முறையிடுவதே நோக்கம். பயணம் ஆப்பிரிக்காவில் நின்றது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். அங்கேயே காந்தியாரோடு பழக்கம் ஏற்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் வாழ்ந்த மண் அது. நீதிமன்றத்தின் மொழியும் கூண்டில் நிற்பவரின் மொழியும் வெவ்வேறாக இருக்கும்போது நீதி என்னவாகும் என்பதை அவர் நாள்தோறும் கண்டிருப்பார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பியவர், 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நம் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். பொதுச் சாலைகள், தெருக்கள், பொது அலுவலகங்களுக்குச் செல்லும் பாதைகள், கிணறுகள், குளங்கள், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்த எச்சாதியினருக்கும் தடையில்லை என்று அது கூறியது. சட்டமன்றம் அதை ஏற்றது. அரசிதழிலும் அது வெளியாயிற்று.

சாலைக்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று இன்றைய மாணவர் கேட்கக்கூடும். அக்காலப் பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும், கோயிலை ஒட்டிய தெருவிலும், ஊர்ச் சாவடியிலும் இருந்தன. நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஆசிரியர் இசைந்தாலும், அத்தெருவில் நடக்க ஊர் இசையாது. பள்ளியைத் திறந்துவிட்டுப் பாதையை மூடிவைத்தால் பள்ளி எவருக்குப் பயன்படும்? பாதையில் உரிமை, குடிநீரில் உரிமை, கூடுமிடத்தில் உரிமை ஆகிய இவை மூன்றும் இல்லாத கல்வி உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும். கோவையில் பட்டறிந்ததைச் சீனிவாசன் சென்னையில் தீர்மானமாக எழுதினார் என்றே நாங்கள் கருதுகிறோம். இன்றைய வளாகத்துக்கு இதைப் பெயர்த்தால், நடைபாதை, குடிநீர்க் குழாய், உணவுக்கூடம், நூலகம், விளையாட்டுத் திடல், விடுதி என்று பட்டியல் விரியும்.

வட்டமேசையில் எழுதப்பட்ட கல்வி நிலைய உரிமை

1930 நவம்பரில் இலண்டனில் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டிற்கு ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பாளர்களாக இருவர் சென்றனர். ஒருவர் நாற்பது வயதை எட்டாத அம்பேத்கர். மற்றவர் எழுபதை எட்டிய சீனிவாசன். 1931இல் நடந்த இரண்டாம் மாநாட்டிலும் இருவரும் கலந்துகொண்டனர். இருவரும் இணைந்து அளித்த பாதுகாப்புக் கோரிக்கை அறிக்கையைத் தனித்தொகுதிக்கான ஆவணமாக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதில் வேறொரு பகுதியும் உண்டு. தங்குமிடங்கள், கல்வி நிலையங்கள், சாலைகள், நீர்நிலைகள், பொது ஊர்திகள் ஆகியவற்றின் வசதிகளைத் தீண்டாமையின் பெயரால் எவருக்கேனும் மறுப்பவரைத் தண்டிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை கோரியது. சமூகப் புறக்கணிப்பையும் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்றது.

நீர்க்குவளையைத் தொட விடாத பள்ளியில் பயின்ற அம்பேத்கரும், மணியோசைக்காக வெளியே காத்திருந்த சீனிவாசனும் சேர்ந்து எழுதிய பட்டியலில் கல்வி நிலையம் இடம்பெற்றது தற்செயலன்று. உள்ளே அனுமதித்தால் போதும் என்று அவர்கள் எழுதவில்லை. அங்குள்ள வசதிகளை முழுமையாகத் துய்க்கும் உரிமையைக் கேட்டனர்.

1932இல் பூனா ஒப்பந்தத்தில் சீனிவாசனும் கையெழுத்திட்டார். 1935க்குப் பின் அம்பேத்கர் மதமாற்றம் பற்றிப் பேசியபோது இருவரும் வேறுபட்டனர். நாம் வருணத்துக்கு வெளியே நிற்பவர்கள், இந்துக்களே அல்லர், ஆகவே வெளியேற வேண்டிய தேவையும் இல்லை என்பது சீனிவாசனின் நிலை. நம் முன்னோடிகளை ஒரே குரலாக்கி வணங்குவதைவிட, அவர்கள் தமக்குள் வாதிட்டதை அறிந்துகொள்வது நமக்கு வலிமை தரும்.

அனுமதிக்குப் பின்னரும் சட்டம் உண்டு

1945 செப்டம்பர் 18 அன்று சீனிவாசன் சென்னையில் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் இருந்தபோது, பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியிருந்தது. கீரனூர் மேசையில் நாங்கள் இன்று நிரப்பும் உதவித்தொகைப் படிவத்தின் வேர் அங்கேயே இருக்கிறது.

வட்டமேசையில் கேட்டது, விடுதலைக்குப் பின் சட்டமாயிற்று. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவை மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும். கல்வி நிலையத்திலோ விடுதியிலோ தீண்டாமையின் பெயரால் அனுமதி மறுப்பதை அப்பிரிவு குற்றமாக்குகிறது. அத்தோடு நிற்கவில்லை, அனுமதித்த பின் பாகுபாடு காட்டுவதையும் குற்றமாக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், கல்வி நிலையத்துள் நுழைவதைத் தடுப்பதையும் வன்கொடுமைப் பட்டியலில் சேர்த்தது. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகள், ஒவ்வொரு கல்லூரியும் சம வாய்ப்பு மையம் அமைக்கவும், பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க அலுவலர் ஒருவரை நியமிக்கவும் பணித்தன.

விதி இருப்பதும் அது உயிரோடு இருப்பதும் வேறு வேறு. தில்லி எய்ம்சு மருத்துவக் கல்லூரியை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, விடுதியில் தலித், பழங்குடி மாணவர்கள் தொல்லை தாளாமல் சில தளங்களில் ஒதுங்கிச் சேர்ந்ததை 2007இலேயே எழுதியது. 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவையும், 2019 மே மாதம் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு மாணவி பாயல் தத்வியையும் இழந்தோம். வளாகங்களில் சமத்துவ விதிகளைச் செயல்படுத்தக் கோரி அவ்விருவரின் தாய்மாரும் 2019இல் உச்ச நீதிமன்றம் சென்றனர். தமிழ்நாட்டில் நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கல்வி நிலையங்களில் சாதி வன்மத்தைக் களைவதற்கான அறிக்கையை 2024 ஜூனில் அரசிடம் அளித்தது.

2025 ஜூலையில், அரசு நலத்துறை விடுதிகள் அனைத்தும் சமூகநீதி விடுதிகள் என அழைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. விடுதியின் பெயரைச் சொல்லத் தயங்கும் மாணவரை நாங்கள் அறிவோம். ஆகவே அந்த மாற்றத்தை எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் பறையன் இதழ் நடத்தியவரின் வழிவந்தவர்கள், பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிவிட மாட்டார்கள். உள்ளே சென்று குடிநீரையும் கழிப்பறையையும் உணவையும் படிப்பறை விளக்கையும் பார்ப்பார்கள்.

மாணவர்களே கேட்டு வென்ற தருணங்களும் உண்டு. 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் ஏற்பு, பெயரில்லாத கடிதம் ஒன்றை அடுத்து நிறுத்தப்பட்டது. அவ்வமைப்பின் மாணவர்கள் பணியவில்லை. நாடெங்கும் வளாகங்கள் அவர்களோடு குரல் கொடுத்தன. ஜூன் முதல் வாரத்திலேயே ஏற்பு மீண்டும் வழங்கப்பட்டது. கூடிப் படிக்கவும் பேசவும் ஓரிடம் கேட்பது, சீனிவாசனுக்குக் கோவையில் கிடைக்காத மரத்தடியைக் கேட்பதேயாகும்.

இந்த ஜூனில் செய்ய வேண்டியவை

கல்லூரியில் சேரும் மாணவர் அமைப்புகளுக்கு எங்கள் வேண்டுகோள் எளியது. சம வாய்ப்பு மையத்தின் பொறுப்பாளர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்று கேளுங்கள். அது அறிவிப்புப் பலகையில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். விடுதி அறைகள் எந்த முறைப்படி ஒதுக்கப்பட்டன என்று எழுத்தில் கேளுங்கள். உதவித்தொகை வரவில்லை என்பதைக் காரணங்காட்டி நுழைவுச்சீட்டையோ சான்றிதழையோ நிறுத்திவைத்தால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அரசுக் கல்வி நிலையமாயின், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கும் கேள்விக்கு முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். கடைசிப் பேருந்து கிளம்பும் நேரத்துக்கு முன்பே நூலகம் மூடினால் அதையும் கேளுங்கள். சிற்றூரிலிருந்து வந்து போகும் மாணவருக்கு அதுவும் அணுகல் உரிமைதான். சக்கர நாற்காலி ஏற முடியாத படிக்கட்டும், பெண்கள் விடுதிக்கு மட்டும் போடப்படும் பூட்டும் அதே மனுவில் இடம்பெறட்டும். எல்லாவற்றையும் மனுவாக்குங்கள், கையெழுத்துத் திரட்டுங்கள், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் செல்ல நேர்ந்தால் எங்களைப் போன்றவர்களுக்குத் தேவைப்படுவது அந்த நகல்தான்.

சென்னை கிண்டியில், காந்தி மண்டப வளாகத்துக்குள் இரட்டைமலை சீனிவாசனின் நினைவு மண்டபம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் அதற்கு மிக அருகிலேயே உள்ளன. அச்சாலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கடந்து செல்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேர் இன்றும் மணி அடிக்கும் வரை காத்திருக்கிறார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இராது.

கீரனூர் மேசைக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். முகவரிக் கட்டத்தில் பேனா நிற்கும்போது, சீனிவாசனின் கலாசாலைக் கதையைச் சொல்கிறோம். தெருவின் பெயரை எழுதுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். எழுதச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவதில்லை. அஞ்சியதற்காக எவரும் வெட்கப்படத் தேவையில்லை, அஞ்ச வைத்த வளாகமே வெட்கப்பட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறோம். பிறகு விண்ணப்பத்தோடு, 5ஆம் பிரிவு தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் அந்த நெகிழிப் பைக்குள் வைத்து அனுப்புகிறோம்.